தேர்வுக்கு உட்படாத கோழி: உறையூர்த் தொன்மமும் சேவல் இலக்கண மரபும்

ஆய்வுச் சுருக்கம்

போர்ச்சேவலின் தரத்தை அதன் கால் செதில், முள், கொண்டை, கழுத்து, நிறம் ஆகியவற்றைக் கொண்டு களத்திற்கு முன்பே கணிக்கும் வழக்கம் தமிழகத்தில் வாய்மொழியாகவும் சேவல் சாத்திரம் என்ற பெயராலும் வழங்கிவருகிறது. கோழி என்றே பெயர்பெற்ற உறையூரின் தொன்மம், குறுந்தொகை 305, அகநானூறு 277, புறப்பொருள் வெண்பாமாலையின் கோழி வென்றி, கம்பராமாயண நாட்டுப் படலம், 'ஆடுகளம்' (2011) திரைப்படம் ஆகியவற்றை இக்கட்டுரை அவ்வழக்கத்தோடு வைத்து மதிப்பிடுகிறது. இப்படைப்புகள் சேவலை அதன் செயலால் அறிகின்றன. இலக்கண மரபு அதனை உடற்குறியால் அறிய முயல்கிறது. குறியால் கழிக்கப்பட்ட சேவல் களம் காண்பதே இல்லையாதலால் குறிகள் பொய்ப்பதில்லை என்ற தோற்றம் உண்டாகிறது என்பதும், உறையூர்த் தொன்மம் முதல் 'ஆடுகளம்' வரை தமிழ்ப் படைப்புகள் சில அவ்வாறு கழிக்கப்பட்ட, அல்லது எவராலும் தேரப்படாத கோழியையே மையத்தில் நிறுத்துகின்றன என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: உறையூர், கோழி, சேவற்கட்டு, கால் செதில், புறப்பொருள் வெண்பாமாலை, கம்பராமாயணம், ஆடுகளம்

முன்னுரை

திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் உறையூர் முற்காலச் சோழரின் தலைநகர். கோழி என்பது அதன் மறுபெயர். பிசிராந்தையார் அன்னச்சேவலைக் கோப்பெருஞ்சோழனிடம் செல்லப் பணிக்கும் பாடலிலும் (புறம். 67), அவன் வாழும் ஊரைச் சுட்டும் பாடலிலும் (புறம். 212) இப்பெயரே ஆளப்படுகிறது. பக்தி இலக்கியத்திலும் அது தொடர்கிறது. திருமங்கையாழ்வார் கோழியையும் கூடலையும் இணைத்துப் பாடினார். அரங்கனின் அடியார்களைப் போற்றும் பதிகத்தில் குலசேகராழ்வார் தம்மைக் கோழிக்கோன் என்று கூறிக்கொண்டார். பங்குனித் திருவிழாவின் ஆயிலிய நாளில் திருவரங்கத்து நம்பெருமாள் உறையூருக்கு எழுந்தருளிக் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி காண்பது காவிரியின் இவ்விரு ஊர்களையும் இன்றளவும் பிணைத்து வைத்துள்ளது.

ஒரு பறவையின் போரால் பெயர்பெற்றதாகச் சொல்லப்படும் தலைநகர் இது. அதனைச் சூழ்ந்த நிலப்பகுதியிலும் சேவற்கட்டு நெடுநாள் வழங்கியது. 1995ஆம் ஆண்டுவரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்த கரூர்ப் பகுதியில், அரவக்குறிச்சியை அடுத்த பூலாம்வலசில் பொங்கலையொட்டி நடந்துவந்த சேவற்கட்டு தமிழகம் முழுவதும் அறியப்பட்டது. களத்தில் இறங்கும் சேவலைத் தேர்வதற்கு அனுபவமுடையோர் உடற்குறி பார்ப்பது இத்தொழிலின் முதற்படி. மாட்டிற்கும் குதிரைக்கும் சுழி பார்ப்பது போலச் சேவலுக்குச் செதில் பார்க்கப்படுகிறது. பிறந்த உடலில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் குறி, அவ்வுயிர் பின்னர்ச் செய்யப்போவதை எவ்வளவு தூரம் அறிவிக்கும் என்னும் வினாவே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. இவ்வினாவுக்குத் தமிழ் இலக்கியம் தரும் விடையும் சேவல் இலக்கணம் தரும் விடையும் ஒன்றாக இல்லை.

உறையூர்த் தொன்மம்: செயலே சான்று

சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை, கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரை அடைவதோடு முடிகிறது. அவ்விடத்தில் இளங்கோவடிகள் யானையையும் கோழியையும் வாரணம் என்னும் ஒரே சொல்லால் குறித்து, முறம் போன்ற செவியுடையதனை முன்பு போரில் வென்ற, பக்கத்தே சிறகுடையது என ஊர்ப்பெயரை விரித்துரைக்கிறார். கோழியொன்று யானையைப் பொருது வென்றதைக் கண்ட சோழன், அந்நிலத்தின் வலிமையை உணர்ந்து அங்கே நகர் அமைத்தான் என்பது உரைமரபு தரும் விளக்கம். உறையூர்ப் பஞ்சவர்ணசுவாமி கோயிலில் கோழி யானையை எதிர்க்கும் சிற்பம் இக்கதையைக் கல்லில் காட்டுகிறது.

இத்தொன்மத்தைச் சொற்சிலேடையின் நயத்திற்காகவும் ஊர்ப்பெயர்க் காரணத்திற்காகவும் பேசுவதோடு ஆய்வுகள் பெரும்பாலும் அமைந்துவிடுகின்றன. அதில் நிகழும் கணிப்பின் முறை தனியே நோக்கத்தக்கது. கதையில் வரும் கோழியின் நிறம் சொல்லப்படவில்லை. அதன் காலோ முள்ளோ கொண்டையோ பேசப்படவில்லை. அதனை வளர்த்தவர், பழக்கியவர், களத்தில் விட்டவர் எவரும் இல்லை. எதிரியும் அதற்கு இணையாகப் பொருத்தப்பட்டதன்று. மன்னன் காண்பது ஒரு செயலை மட்டுமே. அச்செயலிலிருந்து அவன் அடையும் அறிவும் கோழியின் உடலைப் பற்றியதன்று, அது நின்ற மண்ணைப் பற்றியது. கோழியின் உடலில் குறி தேடாமல், கோழியின் செயலையே நிலத்தின் குறியாக அவன் கொள்கிறான்.

சேவல் இலக்கணத்தின் நெறி இதற்கு நேர்மாறானது. அங்கே உடல் முதலில் படிக்கப்படுகிறது. செயல் அப்படிப்பை உறுதிசெய்யக் காத்திருக்கிறது. இலக்கணம் வல்லார் ஒருவர் யானையின் முன் நின்ற அக்கோழியை முன்னரே கண்டிருந்தால், யானைக்கு எதிராக அதனை விட எந்தக் குறியும் அவருக்குத் துணைசெய்திராது. தலைநகர் ஒன்றின் பெயருக்குக் காரணமான கோழி, தேர்வு என்ற ஒன்றுக்கே உட்படாத கோழியாக இருப்பது இத்தொன்மத்தின் அடிப்படை அமைப்பு.

சங்கப் பாடல்களில் பொரும் சேவல்

குறுந்தொகையின் 305ஆம் பாடல் தலைவியின் ஆற்றாமையைக் குப்பைக் கோழிகளின் போரோடு ஒப்பிடுகிறது. தனியே பொரும் அக்கோழிகளை ஏவி விடுவாரும் இல்லை, இடைபுகுந்து விலக்குவாரும் இல்லை. போர் தானாகத் தொடங்கித் தானாக ஓய வேண்டும். தலைவியின் காமநோயும் களைவாரின்றித் தானே தீர்ந்தாலன்றித் தீராது என்பது உவமையின் பொருள். இவ்வுவமையின் ஆற்றலால் பாடியவரின் இயற்பெயர் மறைந்து, குப்பைக் கோழியார் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

உவமை பொருள்படுவதற்கு ஒரு பின்புலம் தேவை. ஏவுவாரும் விலக்குவாரும் உள்ள போர் ஒன்றைக் கேட்போர் அறிந்திருந்தால்தான், அவர்கள் இல்லாத போர் தனிப்போர் என்று விளங்கும். எனவே மக்கள் கூடி நடத்தும் கோழிப்போர் அக்காலத்தில் அறியப்பட்டிருந்தது என்று கருத இப்பாடல் இடந்தருகிறது. அத்தகைய களத்தை விடுத்துக் குப்பைமேட்டைப் புலவர் தேர்ந்தது குறிப்பிடத்தக்கது. அங்கே எடை ஒப்பிடுதல் இல்லை, பந்தயம் இல்லை, இலக்கணம் பார்த்தல் இல்லை. மனிதர் கண்ணுக்கு எந்தத் தகுதியும் இல்லாத பறவைகளின் போரே மனித மனத்தின் தாங்கொணா நிலையைச் சொல்ல ஏற்றதாகிறது.

அகநானூற்றின் 277ஆம் பாடலில் கருவூர் நன்மார்பன், முருக்க மரத்தின் பூங்கொத்தை வீட்டில் வாழும் கோழிச்சேவலின் கழுத்துக்கு உவமிக்கிறார். தீப்பற்றியது போன்ற நெருங்கிய கழுத்து மயிர், போரிடும் நேரத்தில் சிலிர்த்து நிற்கும் தோற்றம் அது. இங்கு உடலுறுப்பு ஒன்று நுணுக்கமாகக் காணப்படுகிறது என்பது உண்மையே. எனினும் அது அடைத்து வைத்த சேவலின் கழுத்தைத் தடவிப் பார்த்துப் பெற்ற அறிவன்று. பொரும் நிலையில், சினத்தால் மாறிய கழுத்தே கவிஞரின் கண்ணில் படுகிறது. செயலின்போது உடல் கொள்ளும் வடிவத்தை இப்பாடல் பதிவுசெய்கிறது. உடலைக் கொண்டு செயலை முன்னறிவிக்க அது முயலவில்லை.

வித்தகர் கண்ட நிறம்

இவ்விரு நெறிகளும் சந்திக்கும் இடம் ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை. உ. வே. சாமிநாதையரின் பதிப்பாக 1895இல் வெளிவந்த இந்நூலின் இறுதிப் பகுதியில் மல், ஏறு, தகர், யானை, பூழ், சிவல் முதலியவற்றின் வெற்றிகளோடு கோழியின் வெற்றியும் துறையாக வகுக்கப்பட்டுள்ளது. போர் இலக்கணம் கூறும் நூலில் பறவைப் போருக்கும் இடம் தந்தது, அதனை மறத்தின் ஒரு வடிவமாகக் கருதியதைக் காட்டுகிறது.

கோழி வென்றி வெண்பாவில், தேர்ந்த வித்தகர் நிறம் ஆராய்ந்து கண்டு எதிர்நிறுத்திய கோழி என்னும் கருத்து வெளிப்படையாகவே உள்ளது. சேவலைக் களத்தில் விடுமுன் அதன் உடலை ஆராயும் வல்லுநர் இருந்தமைக்கும், நிறம் அவர்களது ஆராய்ச்சியின் பொருளாக இருந்தமைக்கும் இது தெளிவான இலக்கியச் சான்று. இன்றும் சேவற்கட்டில் காகம், வல்லூறு, மயில், கீரி என நிறவகைகளுக்குத் தனிப்பெயர்கள் வழங்குவதை நோக்க, நிறம் காணும் வழக்கத்தின் நெடிய தொடர்ச்சி புலப்படும்.

ஆயினும் வெண்பாவின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் புலவரின் சார்பு வேறாக இருப்பது தெரியும். வித்தகர் கண்ட நிறம் எது என்று அவர் கூறவில்லை. பாய்தல், எறிதல், படிதல், காய்தல், வாயால் கவ்வுதல் எனச் சேவலின் வினைகளையே அடுக்குகிறார். பகைச்சேவல் புறங்காட்டிய பின்னும் வென்ற சேவல் மீண்டும் போருக்கு வரும் என்பதோடு பாடல் நிறைவடைகிறது. வித்தகரின் ஆராய்ச்சிக்கு ஓரிரு சொற்களும், கோழியின் செயலுக்கு எஞ்சிய பாடல் முழுதும் ஒதுக்கப்பட்டுள்ளன. நிறத்தில் காண முடியாத ஒன்றை, அதாவது வென்ற பின்னும் அடங்காத ஊக்கத்தை, பாடல் முடிவில் வைத்துப் போற்றுகிறது. இலக்கணத்தின் இருப்பை ஒப்புக்கொண்டே அதன் எல்லையையும் இவ்வெண்பா காட்டிவிடுகிறது.

அதே வேளையில், பாடல் காணும் கோழி வித்தகரால் ஏற்கப்பட்ட கோழி மட்டுமே. அவர்கள் நிறம் கண்டு விலக்கியவை பாடலுக்குள் வருவதில்லை. பின்னர் விளக்கப்படும் சிக்கலின் வித்து இங்கேயே உள்ளது.

உடற்குறிகளின் மூவகை

சேவல் இலக்கணம் முழுவதையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. அது நேர்மையான மதிப்பீடாகாது. அனுபவமுடையோர் காணும் உடற்கூறுகளை மூன்று வகையாகப் பிரித்து நோக்கலாம்.

முதல் வகை, உடலின் தொழிலோடு நேரடித் தொடர்புடையவை. அகன்ற நெஞ்சு, திரண்ட தொடை, உறுதியான கால், வலிய அலகு ஆகியவை பொருதலுக்கு உதவும் என்பதற்கு மறைபொருள் எதுவும் தேவையில்லை. அசில் இனச் சேவலின் தாழ்ந்து இறுகிய பட்டாணிக் கொண்டை, எதிரி கவ்வுவதற்கு இடந்தராத அமைப்பு. இக்கொண்டை வடிவத்திற்கு சாக்ஸ்5 என்னும் மரபணுப் பகுதியில் நிகழ்ந்த மாற்றமே காரணம் என்று 2009இல் வெளியான மரபியல் ஆய்வு நிறுவியது. மனிதர் தலைமுறை தலைமுறையாகச் செய்த தேர்வு உடலில் பதிந்திருப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இரண்டாம் வகை, பறவையின் நிலையைக் காட்டுபவை. வழவழப்பாகவும் இறுக்கமாகவும் படிந்த செதில் இளமையையும் நலத்தையும் உணர்த்தும். செதில்கள் தூக்கி, தடித்து, பொருக்குத் தட்டியிருந்தால் செதிலுக்கடியில் வாழும் உண்ணி வகையின் தாக்குதல் காரணமாக இருக்கலாம். முள்ளின் நீளம் வயதை ஏறத்தாழக் காட்டும். காலின் மஞ்சள் நிறம் இன்னும் சுவையானது. தீவனத்திலுள்ள மஞ்சள் நிறமி தோலில் படிவதால் அந்நிறம் உண்டாகிறது. படிய விடும் மரபணு வடிவமோ செம்மைக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததன்று, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆக, காலைப் பார்த்து வமிசத்தையும் உணவையும் ஓரளவு அறிய முடியும் என்ற நம்பிக்கைக்கு உண்மையான அடிப்படை உண்டு.

மூன்றாம் வகையே சிக்கலுக்குரியது. காலின் முன்புறச் செதில்களின் வரிசையை எண்ணுதல், ஒரு செதில் இரண்டாகப் பிளந்திருப்பதற்குப் பொருள் காணுதல், முள்ளுக்கு நேரே அமைந்த செதிலைக் கொண்டு வெற்றியையும் தோல்வியையும் உரைத்தல் ஆகியவை இவ்வகையின. இது தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. பிலிப்பீன்சில் செதிலைக் குறிக்கும் காலிஸ்கிஸ் என்ற சொல்லே செதிற்குறி பார்க்கும் கலையையும் குறிக்கும் அளவுக்கு அது வளர்ந்துள்ளது. கடல் கடந்த இரு பண்பாடுகளில் ஒத்த வழக்கம் காணப்படுவது, உண்மையின் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. உடலில் ஒழுங்கான வரிசை எங்கே தென்பட்டாலும் அதனை எழுத்தாகப் படிக்க முனையும் மனித மனத்தின் சான்றாகவும் அதனைக் கொள்ளலாம்.

செதிலின் உருவாக்கம் இங்கு நினைவுகூரத்தக்கது. கோழிக்குஞ்சு பொரிய 21 நாள்கள் ஆகும். அவற்றில் ஏறத்தாழப் பத்தாம் நாளையொட்டிக் காலின் முன்புறச் செதில்கள் அரும்பத் தொடங்குகின்றன. குஞ்சு ஓட்டை உடைத்து வரும்போது வரிசை அமைந்துவிட்டிருக்கும். எனவே பின்னர்ப் பெறும் உணவு, பழக்கம், காயம், அச்சம், ஊக்கம் எதுவும் செதில் வரிசையின் எண்ணிக்கையில் பதிவதில்லை. வமிசத்தின் சாயல் அதில் இருக்கக்கூடும். அச்சாயலைக் களத்தின் வெற்றியோடு இணைக்க வேண்டுமானால், நற்குறி உடையவற்றையும் தீக்குறி உடையவற்றையும் ஒரே முறையில் வளர்த்து, ஒரே முறையில் பழக்கி, இரண்டையும் களத்தில் கண்டிருக்க வேண்டும். சேவற்கட்டின் நடைமுறை அதற்கு இடந்தருவதில்லை.

குறி ஏன் பொய்ப்பதில்லை

குஞ்சு வளர்ந்து சேவலாகும் பருவத்தில் உடற்குறி பார்க்கப்படுகிறது. நற்குறி உடையதென்று கருதப்பட்டதற்குத் தனித் தீவனம், நீச்சல், ஓட்டம், உடற்பிடிப்பு, காயத்திற்கு மருந்து அனைத்தும் கிடைக்கின்றன. தீக்குறி உடையதென்று கருதப்பட்டது விற்கப்படும் அல்லது குழம்பாகும். களத்தில் வென்ற சேவல்களை எண்ணினால் அவற்றுள் பெரும்பாலானவை நற்குறி உடையனவாகவே இருக்கும். வேறு வகைச் சேவல்கள் அங்கு வருவதே இல்லை. கணிப்பே தனக்கான சான்றைப் படைத்துக்கொள்கிறது. கழிக்கப்பட்டவற்றின் திறமைக்குச் சான்று அடுப்போடு முடிந்துவிடுகிறது.

நற்குறிச் சேவல் தோற்றால் அதற்கும் விளக்கம் உண்டு. பஞ்சபட்சி முறையில் வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்னும் ஐந்து பட்சிகளும் ஊண், நடை, அரசு, துயில், சாவு என்னும் ஐந்து தொழில்களும் வளர்பிறை, தேய்பிறை, கிழமை, சாமம் ஆகியவற்றுக்கு ஏற்பப் பொருத்தப்படுகின்றன. சேவலின் நிறத்தைப் பட்சியோடு இணைத்து நேரம் குறிப்பது சேவற்கட்டில் பயின்றுவரும் வழக்கம். தோல்வி நேர்ந்தால் நேரம் தவறியது எனலாம். செதில் குற்றமற்றதாகவே நிற்கும். உரிய காலம் அறிந்து செயல்படுக என்னும் அறிவுரை வேறு. பகலில் காக்கை கூகையை வெல்லும் என்ற வள்ளுவரின் எடுத்துக்காட்டு, ஆந்தையின் கண்ணுக்குப் பகல் ஒவ்வாது என்னும் கண்கூடான உண்மையில் காலூன்றியது. அதே இரு பறவைகளும் பஞ்சபட்சியில் வரும்போது அவை பறவைகளாக இல்லை, கணக்கின் பெயர்களாகிவிடுகின்றன.

இவ்வாறு பொய்க்கவே இயலாத அறிவு, அதனை உடையவருக்கு அளிக்கும் அதிகாரம் பெரிது. எந்தக் குஞ்சு வாழும், எது மடியும் என்பது ஒருவர் சொல்லில் தங்குகிறது. இத்தொழிலில் சேவலின் வகைகளைச் சாதி என்று குறிப்பதும் கவனத்திற்குரியது. பிறப்பில் அமைந்த குறியால் தகுதி உறுதியாகிறது, வாய்ப்பு அத்தகுதிக்கு ஏற்ப வழங்கப்படுகிறது, வாய்ப்பின் விளைவு குறியின் உண்மைக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. இவ்வட்டம் பறவைகளைப் பற்றிய பேச்சில் மட்டும் சுழல்வதில்லை என்பதைத் தமிழ் வாசகருக்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

அரங்கத்தில் அரங்கேறிய வாரணம்

கம்பராமாயணம் திருவரங்கத்தில் அரங்கேறியது என்பது மரபு. அரங்கநாதர் கோயிலில் தாயார் சன்னிதிக்கு எதிரேயுள்ள மண்டபம் அதன் நினைவாகப் போற்றப்படுகிறது. கோழியூரிலிருந்து காவிரியைக் கடந்தால் அடையும் அவ்விடத்தில் ஒலித்ததாகக் கருதப்படும் அக்காப்பியத்தின் நாட்டுப் படலத்தில், கோசல நாட்டு மக்களின் பொழுதுபோக்குகளுள் கோழிப்போரும் எருமைப் போரும் இடம்பெறுகின்றன.

கம்பர் காட்டும் வாரணங்களின் கொண்டை கண்ணினும் சிவந்திருக்கிறது. மனத்தில் சினம் மிகுந்திருக்கிறது. உறுப்பாகவே அமைந்த படையால் அவை தாக்குகின்றன. முன்பகை ஏதுமின்றிச் சீறுகின்றன. வெறுப்பின்றிக் களிப்போடு பொருகின்றன. வீர வாழ்க்கைக்கு மாசு நேருமாயின் உயிரையும் பேணுவதில்லை. அவற்றைப் பொரவைப்போர் பாடலின் இறுதியில்தான் வருகின்றனர்.

உறுப்பே படை என்னும் கருத்து காலைப் பற்றிய பார்வையை மாற்றுகிறது. செதில் பார்ப்பவருக்குக் கால் ஓர் ஏடு. கம்பருக்கு அது ஒரு கருவி. அதன் பொருள் அது செய்யும் தொழிலில் உள்ளது. காலில் கூர்மையான கத்தி கட்டிவிடும் பிற்கால வழக்கத்தோடு இதனை ஒப்பிட வேண்டும். கத்திக்கால் சண்டையில் உறுப்பு படையாக இருப்பதில்லை, படை உறுப்பின்மேல் ஏற்றப்படுகிறது. ஒரே வீச்சில் போர் முடிந்துவிடக்கூடிய அவ்விடத்தில் உடலின் வலிமையும் பொறுமையும் பயிற்சியும் பொருளிழக்கின்றன. தற்செயலின் பங்கு பெருகுகிறது. தற்செயல் பெருகுமிடத்தில் குறி பார்த்தலின் தேவையும் பெருகுவது இயல்பு. வெற்றுக்கால் சண்டையில் நெஞ்சின் அகலத்தைப் பார்த்தாலே பாதி அறியலாம்; கத்திக்கால் சண்டையில் அறிய ஒன்றுமில்லாத இடத்தைச் செதிலும் நாழிகையும் நிரப்புகின்றன.

பகையின்றிச் சீறுதல் என்னும் கம்பரின் நோக்கும் எளிதில் கடந்துவிடத்தக்கதன்று. பகை பறவையிடம் இல்லையெனில், அதனைக் களத்திற்குக் கொண்டுவருவது பொருத்துவோரின் விருப்பமே. விலங்குகளை ஒன்றோடொன்று மோதத் தூண்டுவதையும் அதற்கு இடம் அமைப்பதையும் குற்றமாகக் கருதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பொறுப்பை மனிதரிடம் வைப்பதும் இந்த அடிப்படையிலேயே. கம்பர் கண்டனம் ஏதும் கூறவில்லை. வளநாட்டின் மகிழ்ச்சியாகவே இதனைப் பாடுகிறார். எனினும் பறவையின் வீரத்தையும் மனிதரின் ஏற்பாட்டையும் ஒரே பாடலில் தனித்தனியாகக் காட்டியதால், பிற்காலத்தார் எழுப்பிய வினாவுக்கு அவரது பாடல் இடந்தந்து நிற்கிறது.

கொல்லச் சொன்ன சேவல்

2011ஆம் ஆண்டு தமிழில் சேவற்கட்டு இருவேறு வடிவங்களில் கவனம் பெற்றது. ம. தவசியின் 'சேவல்கட்டு' நாவல் அவ்வாண்டின் சாகித்திய அகாதெமி யுவ புரஸ்கார் விருதைப் பெற்றது. மதுரையைக் களமாகக் கொண்ட வெற்றிமாறனின் 'ஆடுகளம்' பொங்கலையொட்டி வெளியாகி, 58ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் ஆறு விருதுகளைப் பெற்றது. உடற்குறியும் கணிப்பும் பற்றிய இவ்வாய்வுக்குப் பின்னது நேரடியாகத் தொடர்புடையது.

ஈழக் கவிஞர் வ. ஐ. ச. ஜெயபாலன் ஏற்று நடித்த பேட்டைக்காரன், சேவல் பார்ப்பதில் ஒப்பற்றவன் என்று ஊரார் போற்றும் ஆசான். ஒரு சேவலைத் தேறாது என்று முடிவுசெய்து அதனைக் கொன்றுவிடும்படி தன் சீடன் கருப்பிடம் சொல்கிறான். கருப்பு கொல்லாமல் அதனை வளர்க்கிறான். அச்சேவல் களத்தில் அடுத்தடுத்து வெல்கிறது. அதன்பின் படம் சேவலின் கதையாக இருப்பதில்லை. பிழைத்துப்போன ஒரு கணிப்பை ஏற்க முடியாத மனத்தின் கதையாகிறது. ஆசானின் அன்பு வன்மமாகத் திரிந்து, சுற்றியிருந்தோர் அனைவரையும் சிதைத்து, இறுதியில் அவனையும் அழிக்கிறது.

இப்படத்தைக் குரு சீடர் உறவின் வீழ்ச்சியாகவும் பொறாமையின் சித்திரமாகவும் விளக்குவது பொருத்தமே. மேலே கூறப்பட்ட வட்டத்தோடு வைத்து நோக்கும்போது அதன் கதைப்பின்னலுக்கு இன்னோர் ஆழம் கிடைக்கிறது. கழிக்கப்பட்ட சேவல் அடுப்புக்குப் போவதால்தான் ஆசானின் சொல் பொய்க்காமல் இருந்தது. கருப்பின் கீழ்ப்படியாமை அச்சங்கிலியின் ஒரு கண்ணியை அறுக்கிறது. உயிரோடு விடப்பட்ட சேவல், இல்லாமற்போயிருக்க வேண்டிய எதிர்ச்சான்றாகக் களத்தில் நிற்கிறது. அது வெல்வது எதிரிச்சேவலை மட்டுமன்று, தன்மேல் சொல்லப்பட்ட தீர்ப்பையும். பேட்டைக்காரனின் துயரம் இதனால்தான் வெறும் பொறாமையைவிடப் பெரியதாகிறது. ஒரு கணிப்பு தவறியதென்றால் அதற்கு முன் அவன் சொல்லால் மடிந்தவை எத்தனை தவறுகள் என்னும் வினா எழும். அவ்வினாவைத் தாங்க அவன் புகழுக்கு வலிமையில்லை.

படத்தின் ஒரு குறையும் சுட்டத்தக்கது. கழிக்கப்பட்ட சேவலுக்கு வெற்றியைத் தந்தே அதன் உயிரை அது நியாயப்படுத்துகிறது. தோற்றிருந்தால் ஆசானின் ஆணை சரியாகிவிடும் என்ற எண்ணம் கதையின் அடியில் தங்கிவிடுகிறது. குப்பைக் கோழியார் இதனினும் தொலைவு சென்றவர். அவரது கோழிகளுக்கு வெற்றியும் இல்லை, பார்வையாளரும் இல்லை, ஆயினும் அவை பாடலுக்கு உரியவையாயின.

முடிவுரை

சேவல் இலக்கண மரபில் உடலின் தொழிலையும் நலத்தையும் வமிசத்தையும் பற்றிய பட்டறிவு உண்மையானது. கோழி வளர்ப்போர் இழக்கக்கூடாதது. செதில் வரிசையைக் கொண்டு விதி உரைக்கும் பகுதி, தனக்கு எதிரான சான்றுகளைத் தானே அகற்றிக்கொண்டு வாழ்வது. இவ்விரண்டும் ஒரே ஆசானின் வாயிலிருந்து ஒரே குரலில் வருவதால் பின்னதற்கு முன்னதன் மதிப்பு வந்துசேர்கிறது. சாத்திரத்தைத் தொகுப்போரும் ஆராய்வோரும் முதலில் செய்ய வேண்டியது இவ்விரண்டையும் பிரித்தறிதல்.

இங்கு ஆராயப்பட்ட இலக்கியங்கள் எவையும் காலின் செதிலைப் பேசவில்லை. போரில் சிலிர்த்த கழுத்து, சிவந்த கொண்டை, படையான உறுப்பு, வென்றபின்னும் ஓயாத ஊக்கம் ஆகியவற்றையே அவை கண்டன. வித்தகரின் தேர்வை அறிந்திருந்த புறப்பொருள் வெண்பாமாலையும் அத்தேர்வைக் கடந்து செயலையே பாடியது. கோழி எனப் பெயரிடப்பட்ட உறையூரின் தொன்மமோ, எவரும் எடுத்துப் பார்க்காத, நிறம் காணாத, செதில் எண்ணாத ஒரு பறவையிடம் சோழர் தலைநகரின் தோற்றத்தை ஒப்படைத்தது. சேவலைத் தேரும் அறிவைப் பற்றி எழுதப்படும் எதுவும், தேரப்படாமல் போனவற்றையும் கணக்கில் கொண்டாலொழிய முழுமை பெறாது.